மெல்லத் தட்டியதால் வந்த திட்டு: ஒரு காவடித் தாங்கியின் படிக மணிகளைத் தேடி

திட்டுத் திட்டாக வந்த தாங்கிகளைப் பார்த்ததும், முலாம் பூசிய கடைக்காரர்மீதுதான் எல்லோருக்கும் கோபம் வந்தது. காவடிச் சட்டத்தை இடுப்புப் பட்டையோடு பிணைக்கும் அலுமினியத் தாங்கிகள் அவை. 25 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட, 6061 என்ற அலுமினியக் கலவைப் பட்டையை ‘ப’ வடிவில் வளைத்துச் செய்தவை. அனோடைசிங் (மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடுப் படலம் ஏற்றும் முலாம்) முடிந்து வந்தபோது வளைவை ஒட்டிய இடங்களில் மட்டும் வெளிச்சத்துக்கேற்ப மின்னும், மங்கும் புள்ளிகள். சில புள்ளிகள் விரல் நகத்தில் பாதி அளவு. நேரான பகுதிகளில் ஒன்றுமில்லை. ஒரு தாங்கியை வளைவைப் பிரிக்கும் திசையில் இழுத்துப் பார்த்தபோது உள்பக்கம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரத்து, பிறகு வெடித்தது.

பட்டறை மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் இருக்கிறது. காவடி செய்யும் அண்ணன் அதன் முன்பக்கத்தில். நான் பின்பக்கத்தில் லேத், மில்லிங் வேலை பார்ப்பவன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிறவரின் இடுப்பில் தொங்கப்போகிற பாரம் இந்தத் தாங்கியில்தான் நிற்கும். பளபளப்புக் குறைவு என்றால் மன்னித்துவிடலாம். வெடிப்பை மன்னிக்க முடியாது. “முலாம் போடுகிறவர் ஏதோ மருந்தை மாற்றிவிட்டார் தம்பி” என்றார் அண்ணன். மருந்து மாறியிருந்தால் நேரான பகுதியும் கெட்டிருக்க வேண்டும். முலாமுக்கு முன் பொருளைக் காஸ்டிக் சோடாவில் முக்குவார்கள்; அது உலோகத்தின் மேல்தோலை அரித்து, உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். உள்ளேதான் ஏதோ பெருத்திருக்கிறது என்று சந்தேகப்பட்டேன்.

உலோகம் ஒரே கட்டியாகத் தெரிந்தாலும் அது கோடிக்கணக்கான படிக மணிகள் நெருக்கமாகச் சேர்ந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் ஒரே ஒழுங்கில் நிற்கும். அடுத்த மணியில் அந்த ஒழுங்கு வேறு பக்கம் சாய்ந்திருக்கும். நல்ல பட்டையில் இந்த மணிகள் கண்ணுக்குத் தெரியாத சிறுசு. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் வளைக்கும்போது ஒவ்வொரு மணியும் தன் போக்கில் சாயும், மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகும்.

முதல் வேலை, கெட்ட தாங்கியைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பது. அறுத்த முகத்தை 240 எண் தாளில் தொடங்கி 1200 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். 10 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாக் கரைசலை 65 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அதில் சில நிமிடங்கள் முக்கியதும் முகம் கறுத்துப்போனது. அது கலவையில் உள்ள செம்பும் சிலிக்கனும் கரையாமல் மேலே படிந்த கரி. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு, கரி போய்விட்டது. (சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக்கூடாது. அலுமினியமும் சோடாவும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும்; கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் தீ இல்லாமல் செய்ய வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்குகிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.)

முகத்தில் கண்டது இது: வளைவின் வெளித்தோலிலும் உள்தோலிலும் ஓரளவு சிறிய மணிகள். நடுத்தடிமனுக்கு இருபுறமும் ஒவ்வொரு பட்டையாக, 2, 3 மில்லிமீட்டர் வரை பெருத்த மணிகள். வளைவு நேராகிற இடத்தில் அந்தப் பட்டைகள் தோலை நோக்கி ஏறி மேற்பரப்பைத் தொட்டன. முலாமில் தெரிந்த திட்டு அங்கேதான்.

அண்ணன் எப்படிச் செய்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டி6 பதத்தில் (வெப்பத்தால் பலமேற்றிய நிலையில்) வரும் பட்டையைக் குளிர்ந்த நிலையில் அந்த ஆரத்துக்கு வளைத்தால் வெடிக்கும். அதனால் எரிவாயுத் தீயில் காட்டி இளக்குகிறார், ஆறவிடுகிறார், அச்சில் வைத்து வளைக்கிறார். கோணம் சற்று விலகியிருந்தால் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சரிசெய்கிறார். பிறகு எல்லாத் தாங்கிகளையும் வெப்பப் பதனிடும் கடைக்கு அனுப்புகிறார். அங்கே 530 டிகிரியில் வைத்துத் தண்ணீரில் முக்கி, 175 டிகிரியில் 8 மணி நேரம் முதிரவைத்து, இழந்த டி6 பலத்தை மீட்டுத் தருகிறார்கள். ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் சரியானதே.

நிபோங் தெபாலில் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகளிடம் படத்தை அனுப்பினேன். அவள் கேட்ட ஒரே கேள்வி: “சித்தப்பா, தட்டிச் சரிசெய்த பிறகுதானே 530-க்குப் போகிறது?”

அங்கேதான் முடிச்சு. உலோகத்தைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால் அணு அடுக்குகளில் பிசகுகள் பெருகி, செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கு உள்ளேயே சேமிக்கப்படும். பிறகு சூடாக்கும்போது அந்தச் சேமிப்பைத் தின்று புதிய மணிகள் முளைக்கும். நிறைய வளைத்திருந்தால் நிறைய முளைகள். ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எல்லாம் சிறிதாக நின்றுவிடும். மிகக் குறைவாக வளைத்திருந்தால் முளையே எழாது, பழைய மணிகள் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் இடையில், சில விழுக்காட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு விழுக்காடு வரையிலான திரிபில் (வடிவம் மாறிய அளவில்), அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முளைகள் மட்டும் எழும். தடுக்கப் போட்டியில்லாததால் அவை அசுரத்தனமாக வளரும். அந்த அளவை மாறுநிலைத் திரிபு என்கிறார்கள்.

வளைவின் கணக்கைப் போட்டேன். 6 மில்லிமீட்டர் பட்டை, உள் ஆரம் 12. வெளித்தோல் நீள்வது 6-ஐ 30-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 20 விழுக்காடு. நடுக்கோட்டில் பூச்சியம். பூச்சியத்திலிருந்து 20-க்குப் போகிற வழியில் 8-ஐயும் 10-ஐயும் தாண்டாமல் போக முடியாது. ஆகவே குளிரில் வளைத்துப் பின் 530-க்கு அனுப்பும் எந்தப் பட்டையிலும் அந்தக் கெட்ட அடுக்கு எங்காவது ஒளிந்திருக்கும். அண்ணனின் மெல்லிய தட்டல்கள் நேரான பகுதியின் விளிம்பிலும் அதே அளவுத் திரிபைக் கொடுத்து, திட்டை வெளியே இழுத்து வந்தன. ஓங்கி அடித்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது.

கணக்கு இனித்தது. ஆனால் பட்டறையில் கணக்கை எவரும் நம்புவதில்லை, கையில் பிடித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஆப்புச் சோதனையை விடச் சிறந்தது கிடையாது.

ஆப்புச் சோதனை

6061 உருளையிலிருந்து 60 மில்லிமீட்டர் நீளம், 15 அகலம் கொண்ட ஆப்புகளை மில்லிங்கில் சீவினேன். மெல்லிய முனை 6 மில்லிமீட்டர், தடித்த முனை 9. இதை இரண்டு தட்டைத் தகடுகளுக்கு நடுவில் வைத்து 6 மில்லிமீட்டர் வரை நசுக்கினால், மெல்லிய முனையில் திரிபு பூச்சியம், தடித்த முனையில் உயரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். இடைப்பட்ட எல்லா அளவுகளும் ஒரே துண்டில் வரிசையாகக் கிடைத்துவிடும். பக்கவாட்டில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு கீறி வைத்தேன். நசுங்கிய பிறகும் எந்த இடம் எங்கே போனது என்று படிக்கலாம். எல்லா ஆப்புகளையும் முதலில் 415 டிகிரியில் ஊறவைத்து உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டேன், தொடக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க.

உலை, பீங்கான் சுடும் சிறிய மின் உலை. வெப்பநிலைதான் இந்த வேலையின் உயிர், அதை அளப்பதுதான் தலைவலி. இரும்பு சிவந்து சொல்லும். அலுமினியம் உருகும் வரை நிறமே மாறாமல் கமுக்கமாக இருக்கும். 6061 உருகத் தொடங்குவது 582 டிகிரியில். அதுவரை வெள்ளியாகவே இருந்துவிட்டுச் சட்டென்று சரிந்துவிடும். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியை நம்பினால் மோசம். பளபளப்பான அலுமினியம் தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிராக வெளிவிடும். உண்மையில் 450 இருக்கும்போது அந்தக் கருவி கூசாமல் பாதிக்கும் கீழே காட்டும். சோப்பைத் தேய்த்து அது கறுக்கும் வரை காட்டுவது பழைய கொல்லர் வழக்கம். இளக்குவதற்குப் போதும், சோதனைக்குப் போதாது. துண்டின் தடித்த முனையில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு கே வகைத் தெர்மோகப்பிளை (தொட்ட இடத்தின் வெப்பநிலையை அளக்கும் கம்பி) செருகினேன். அந்தத் துளைக்கு வந்த எண்ணைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நசுக்கியது 20 டன் ஹைட்ராலிக் பிரஸ், கைப்பம்பு. ஓர் ஆப்பை அறை வெப்பத்தில் நசுக்க, மானி 15 டன்னைத் தாண்டியது. பம்பில் தொங்க வேண்டியிருந்தது. 450 டிகிரியில் இருந்த ஆப்பு 4 டன்னிலேயே முடிந்துவிட்டது. கையில் உணர்ந்த இன்னொரு வித்தியாசம் முக்கியமானது. குளிர்ந்த துண்டு நசுங்க நசுங்க இறுகிக்கொண்டே போகும். ஒவ்வொரு பம்பும் முந்தியதைவிடக் கனம். சூடான துண்டு தொடக்கத்தில் சற்று எதிர்த்துவிட்டு, பிறகு ஒரே சீராக வழிவிடும்.

அந்தச் சீருக்குக் காரணம் இருக்கிறது. அலுமினியத்தில் பிசகுகள் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு எளிதில் தாவும். சூட்டில் மேலேறவும் செய்யும். எதிரெதிர்ப் பிசகுகள் சந்தித்து அழிந்துவிடும், மிஞ்சியவை சுவர்போல் வரிசையாக நின்று ஒவ்வொரு மணியையும் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துணைமணிகளாகப் பிரிக்கும். பெருகுவதும் அழிவதும் சமமானதும் எதிர்ப்பு ஏறாமல் நின்றுவிடும். இயங்குநிலை மீட்சி என்று இதற்குப் பெயர். செம்பிலும் துருப்பிடிக்காத எஃகிலும் இந்தத் தாவல் கடினம்; அங்கே பிசகுகள் குவிந்து, அடிக்கும்போதே புதிய மணிகள் முளைத்துவிடும். அலுமினியக் கலவைகளில் அப்படி முளைப்பது அரிது. மிகப் பெரிய திரிபில் பழைய மணிகள் நசுங்கி மெலிந்து, பல்வரிசை போன்ற எல்லைகள் ஒன்றையொன்று தொட்டு அறுபடுவதால் சிறு மணிகள் உண்டாவது வேறு கதை. நமக்கு வேண்டியது இதுதான்: சூட்டில் நசுக்கிய அலுமினியத்துக்குள் சேமிப்பு மிகக் குறைவு. பிறகு 530-இல் வைத்தாலும் தின்று வளர அங்கே தீனி கிடையாது.

வேகமும் வெப்பமும் ஒரே நாணயத்தில் மாற்றிக்கொள்ளக்கூடியவை என்று 1944-இல் ஜீனர், ஹாலமன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உருமாறும் வேகத்தை வெப்பநிலை சார்ந்த ஓர் அடுக்குக்குறிக் காரணியால் பெருக்கினால் வரும் ஒற்றை எண்தான் உள்ளே என்ன கட்டமைப்பு அமையும் என்பதைச் சொல்லும். எண் பெரிதானால் துணைமணி சிறிதாகும், சேமிப்பு கூடும். தூய அலுமினியத்தில் அணுக்கள் நகரத் தேவைப்படும் ஆற்றல், மோலுக்கு சுமார் 142 கிலோஜூல். அதை வைத்துப் போட்டுப் பார்த்தேன்: 450-இலிருந்து 350-க்கு வெப்பத்தைக் குறைப்பது, அதே 450-இல் ஏறத்தாழ 44 மடங்கு வேகமாக நசுக்குவதற்குச் சமம். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் கெட்டிக்காரர். குளிர்ந்த இரும்புத் தகட்டைத் தொட்ட சில நொடிகளில் தோல் ஆறிவிடும். அதனால் தகடுகளை 200 டிகிரிக்கு மேல் சூடேற்றி, கிராஃபைட் பூசி வைத்தேன். இதைச் செய்யாமல் ‘450-இல் அடித்தேன்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. நடு 450-இல் இருக்கும், தோல் எங்கேயோ இருக்கும்.

நசுங்கியதும் துண்டு உடனே தண்ணீர் வாளிக்குப் போக வேண்டும். தகட்டுக்கு நடுவிலேயே சும்மா கிடந்தால் மிச்சச் சூட்டில் உள்கட்டமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். பிறகு பார்ப்பது நசுங்கிய நொடியின் படமாக இருக்காது.

அறை வெப்பத்தில் ஒன்று, 300-இல் ஒன்று, 450-இல் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து 530-இல் ஊறவைத்து, தண்ணீரில் முக்கி, நீளவாட்டில் அறுத்து, சோடாவில் அரித்தேன்.

குளிரில் நசுக்கிய ஆப்பில் பாடப்புத்தகம் அப்படியே படுத்திருந்தது. மெல்லிய முனையில் பழைய சிறு மணிகள். அதைத் தாண்டியதும், அசல் தடிமன் 6.5-க்கும் 6.8-க்கும் நடுவே இருந்த இடத்தில், கண்ணாடியில்லாமலே எண்ணக்கூடிய மணிகள். திரிபுக் கணக்கில் 8 முதல் 12 விழுக்காடு. அதற்கப்பால் படிப்படியாகச் சிறுத்து, தடித்த முனையில் மறுபடி கண்ணுக்குத் தெரியாமல் போயின. அண்ணனிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுவா? இதேதான்” என்றார். முலாம் கடைக்காரரின் பெயர் அதன்பின் அடிபடவில்லை.

300-இல் நசுக்கியதில் பெருத்த பட்டை தடித்த முனைப் பக்கம் நகர்ந்து, மங்கலாக இருந்தது. சேமிப்பில் ஒரு பங்கை வெப்பம் அப்போதே கரைத்துவிட்டதால், முளை எழுவதற்குக் கூடுதல் திரிபு தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு மிக ஆபத்தாகத் தோன்றுவது இந்த நிலைதான். ‘சூடாகத்தானே வளைத்தோம்’ என்ற நிம்மதியும் இருக்கும், திட்டும் இருக்கும். 450-இல் நசுக்கியதில் பட்டையே இல்லை. தகட்டைத் தொட்ட தோலில் மட்டும் ஒரு மெல்லிய வரி, மற்றபடி நீளவாட்டில் நசுங்கிப் படுத்த பழைய மணிகள்.

நெருங்கிப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் இருப்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு லாபம்: சில்லுகளைச் சோதிக்கும் பழைய நுண்ணோக்கிகள் எப்போதாவது கழிவுக் கடைக்கு வரும். மேலிருந்து ஒளி பாய்ச்சும் வகை, உலோகம் பார்க்க அதுதான் தேவை. அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. துண்டை 1 மைக்ரோமீட்டர் வைரப் பசையால் மெருகேற்றி, 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 4 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் 1 கிராம் காஸ்டிக் சோடாவும் கலந்த கரைசலில் சில நொடிகள் முக்கினேன். வெக் கரைசல் என்பார்கள். மேற்பரப்பில் மெல்லிய படலம் படிந்து, மணிக்கு மணி வேறு நிறம் காட்டும். ஆய்வகங்களில் வழக்கமான கெல்லர் கரைசலில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. அது தோலைத் தாண்டி எலும்பு வரை போகும் நஞ்சு. பட்டறையில் அதற்கு இடமே கிடையாது.

450 துண்டில் மணி எல்லைகள் நேர்கோடாக இல்லாமல் நெளிந்திருந்தன. துணைமணிச் சுவர்கள் இழுப்பதால் வரும் நெளிவு அது. துணைமணிகளே இந்த நுண்ணோக்கியின் பிடிக்குள் வராது, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். கரும்புள்ளிகளாகத் தெரிந்த இரும்புச் சேர்மத் துகள்களைச் சுற்றி மட்டும் சில இடங்களில் குட்டி மணிகள். 1 மைக்ரோமீட்டரைத் தாண்டிய கெட்டித் துகள்களைச் சுற்றி உலோகம் அதிகம் கசங்கும். முளைகள் அங்கே எழும். அதைவிட மிகச் சிறிய குரோமியத் துகள்கள் இதற்கு நேரெதிர், நகரும் எல்லையைப் பிடித்து நிறுத்தும். 6082 கலவையில் மாங்கனீஸ் கூடுதலாக இருப்பதன் பயனும் இதுவே. அடித்துச் செய்யும் பாகங்களுக்கு அதைப் பலர் விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் பிறையில் எந்தக் கடையில் கேட்டாலும் 6061-ஐத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

தாங்கிக்குத் திரும்பினோம். புதிய முறை: பட்டையை 470 டிகிரி வரை ஏற்றி, சூடாக்கிய அச்சில் ஒரே இழுப்பில் வளைப்பது. 400-க்குக் கீழே இறங்கிவிட்டால் கையை எடுத்துவிட்டு மறுபடி உலைக்குள் வைப்பது. வளைந்ததும் தண்ணீர். அண்ணனுக்கு இதில் ஒரு குறை: “கோணம் விலகினால் நான் எப்போது தட்டுவது?”

நியாயமான கேள்வி. தட்டலாம், ஆனால் 530-க்குப் பிறகு. தண்ணீரில் முக்கி எடுத்த உடனே 6061 நன்றாக இளகியிருக்கும், கையாலேயே திருத்தலாம். அதன்பின் வரப்போவது 175 டிகிரி மட்டுமே, அந்தச் சூட்டில் புதிய மணி எதுவும் முளைக்காது. ஒரே நிபந்தனை, நம் ஊர் வெயிலில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடக்கூடாது. அறை வெப்பத்திலேயே அது மெல்ல இறுகத் தொடங்கும். பதனிடும் கடையில் முக்கிய கையோடு தாங்கிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வாங்கிவந்து, வீட்டு உறைபெட்டியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தினோம். விமானத் தொழிலில் 2024 கலவை ஆணிகளை இப்படித்தான் உறையவைத்துப் பாதுகாப்பார்கள். அண்ணியார் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அலுமினியத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

புதிய தாங்கிகளை அறுத்து அரித்தபோது நடுவிலிருந்த பெருமணிப் பட்டைகள் இல்லை. ஆனால் சிலவற்றின் மேல்தோலில், வளைவிலும் நேரிலும் ஒரே சீராக, அரை மில்லிமீட்டர் தடிமனுக்குப் பெரிய மணிகள் மிச்சமிருந்தன. இது எங்கள் வளைப்பால் வந்ததல்ல. பட்டையை ஆலையில் அச்சுத்துளை வழியே பிதுக்கித் தள்ளும்போது, துளைச் சுவரை உரசும் தோல் நடுப்பகுதியைவிடப் பலமடங்கு வேகமாக, அதிகமாகக் கசங்குகிறது. அங்கே சேமிப்பு கூடுதல். 530-இல் வைத்ததும் அந்தத் தோல் மட்டும் புதிய மணிகளாகி வளர்ந்துவிடுகிறது. பிதுக்கிச் செய்த கம்பிகளுக்கும் பட்டைகளுக்கும் பரவலாக உள்ள குறைதான் இது.

அந்தத் தோலைச் சீவுவதுதான் வழி. இருபுறமும் 1 மில்லிமீட்டர் சீவிவிட்டு வளைத்த தாங்கி முலாமிலிருந்து திட்டில்லாமல் வந்திருக்கிறது. பட்டையை இனி 6-க்குப் பதில் 8 மில்லிமீட்டர் தடிமனில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். “காசு கொடுத்து வாங்கியதைச் சீவித் தரையில் போடுவதா?” என்று அண்ணன் முணுமுணுக்கிறார். சீவலை எண்ணெய் படாமல் தனிச் சாக்கில் சேர்த்து வைத்தால் கழிவுக் கடையில் நல்ல விலை கிடைக்கும். சாக்கை மில்லிங் மேசைக்கு அடியில் கட்டியாகிவிட்டது.